கட்டப்புள்ளி எண்ணுகை

கட்டப்புள்ளி எண்ணுகையாவது, சம இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள் வெட்டும் புள்ளிகளுள் ஒரு வடிவத்தினுள் அகப்படுவன எத்தனை என்பதையும், அத்தொகையைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதையும் ஆராயும் கேத்திரகணிதப் பிரிவாகும். கொட்டியார் குடாவின் வடபால் அமைந்த திருகோணமலை உள்துறைமுகத்தின் படத்தில் கட்டங்கள் வரைந்து, நீர்ப்பரப்பினுள் விழும் புள்ளிகளை எண்ணி, அத்தொகையை ஒரு கட்டத்தின் பரப்பால் பெருக்கினால், முனைகளும் சிறு குடாக்களுமாக நெளியும் அத்துறையின் பரப்பளவு ஏறக்குறையக் கிட்டும். மூலைகள் யாவும் கட்டப்புள்ளிகளிலேயே அமைந்து, தன்னைத்தான் வெட்டாத பல்கோணியாயின், உட்புள்ளிகளோடு எல்லைப்புள்ளிகளிற் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வருவதே அதன் சரியான பரப்பளவு என்று 1899இல் கியோர்க் பிக் நிறுவினார்.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த சீனிவாச இராமானுஜன், 1913 ஜனவரியில் கணிதவியலாளர் ஹார்டிக்கு வரைந்த முதற் கடிதத்தில், 2, 3 ஆகிய காரணிகளை மட்டுமே பெருக்கிப் பெறும் எண்கள் ஒரு வரம்புக்குள் எத்தனை என்பதற்குச் சூத்திரமொன்று தந்தார். மடக்கை எடுத்து நோக்கின், அது செங்கோண முக்கோணியொன்றினுள் அடங்கும் கட்டப்புள்ளிகளின் தொகையேயாம். 1 உட்பட 100க்குள் அத்தகைய எண்கள் 20. சூத்திரம் தருவது ஏறத்தாழ 19.8. அவ்வழுவின் இயல்பைப் பின்னர் ஹார்டியும் லிட்டில்வுட்டும் விரிவாக ஆராய்ந்தனர்.

பரிமாணம் கூடக்கூட எண்ணுதல் அசாத்தியமாகின்றது: பக்கத்துக்குப் பத்துப் புள்ளிகள் எனக் கொண்டால், இரு பரிமாணச் சதுரத்தில் 100 ஆகும் தொகை, 20 பரிமாணத்தில் ஒன்றின்பின் இருபது சுழிகளாக விரியும். ஒரு விடையை எளிதிற் கண்டுபிடிக்கக்கூடிய பிரச்சினைகளிலும் விடைகள் அனைத்தையும் எண்ணுவது மிகக் கடினமாகலாம் என்று 1979இல் லெஸ்லி வாலியன்ட் காட்டி, அத்தகைய எண்ணற் பிரச்சினைகளை ‘ஷார்ப்-பி’ என வகுத்தார். பரிமாணம் வரையறைப்படாத குவிவுத் திண்மத்தின் கனவளவைச் சரிநுட்பமாகக் கணிப்பதும் அக்கடுமையினின்று தப்பாது என்பதை 1988இல் மார்ட்டின் டையரும் ஆலன் ஃப்ரீஸும் நிறுவினர். அவ்விருவரோடு சென்னையிற் பிறந்த ரவி கண்ணனும் சேர்ந்து, திண்மத்தினுள் எழுமாற்று நடை பயின்று, கனவளவை வேண்டிய நுட்பத்துக்கு அண்ணளவாகவும் விரைவாகவும் காணும் வழியை மறு ஆண்டில் வெளியிட்டார். 1991இல் அதற்கு ஃபல்கர்சன் பரிசு கிடைத்தது.

பரிமாணத்தை நிலையாக நிறுத்தினால் புள்ளிகளைச் சரிநுட்பமாகவே விரைந்து எண்ணலாம் என்பது 1994இல் அலெக்சாந்தர் பார்வினோக் கண்ட முடிபு. திண்மம் போதிய அகலமுடையதாயின் கனவளவே புள்ளித்தொகைக்கு அண்மித்த மதிப்பாகும் என்று 1997இல் கண்ணனும் சந்தோஷ் வெம்பலாவும் விளக்கினர். பரிமாணம் மிக்க ஒடுங்கிய திண்மங்களிலோ இவ்வுறவு கெடும். அங்கே எண்ணுவது இருக்க, கட்டப்புள்ளி ஒன்றேனும் உண்டோ எனத் துணிவதற்கே விரைவான பொது வழி இதுகாறும் அறியப்படவில்லை.