கருவிக் குறிப்புகளின் கதை
மென்பொருள் கருவிகளுக்குச் சீரான வடிவில் விளக்கம் எழுதும் வழக்கத்துக்கு பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளக் கையேடு வலுவான முன்மாதிரி. 1971 நவம்பரில் வந்த அதன் முதல் பதிப்பே ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் எனப் பகுதிகளை வகுத்தது. தெரிந்த குறைகளைச் சொல்லவும் தனி இடம் இருந்தது. கையேட்டைப் படித்தவர்கள் மனிதர்கள் என்பதால், விடுபட்டதை ஊகித்துக்கொண்டார்கள்.

பின்னர் கருவி விளக்கங்களைப் படிக்கும் வேலை செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கும் வந்தது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம், வெளிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் தன் மொழி மாதிரிகளுக்கு அளித்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கென ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. எந்தக் கருவியை அழைப்பது என்பதை மாதிரி பெரிதும் கருவியின் பெயரையும் விளக்கத்தையும் படித்தே முடிவுசெய்கிறது. எடுத்துக்காட்டாக, ஜிரா போன்ற திட்ட மேலாண்மை மென்பொருளுக்கான கருவிக்கு 'பணியைப் புதுப்பிக்கும்' என்ற ஒற்றை வரி போதாது. மாறுவது பணியின் நிலையா, பொறுப்பாளரா, கெடு தேதியா என்பதோடு, பொறுப்பாளரைப் பெயரால் குறிப்பதா கணக்கு அடையாளத்தால் குறிப்பதா என்பதையும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.