காகிதத்தில் இரண்டு எதிரிகள்: நாட் விமானமும் சேபர் விமானமும்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கால் வடிவில் இருக்கும் 'லாஸ்ட்' மீது டேப்பைச் சுற்றி ஒட்டுவார்கள். அதன் மேல் டிசைனை வரைந்து, டேப்பை உரித்து, அட்டையில் விரித்து வைத்து வெட்டுவார்கள். அந்த அட்டையின் அளவில்தான் 'அப்பர்' தோல் வெட்டப்படும். வளைந்த பொருளைத் தட்டையாக்கி, தட்டையானதை மறுபடியும் வளைக்கும் வேலை! காகிதத்தில் விமான மாடல் செய்வதும் இதே கணக்குதான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்தால் தவறு. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாடல்கள் கேட்டது. மரத்தில் செய்யப்பட்ட அவை எல்லாம் 1:72 அளவில் இருந்தன. தன் நாட்டு விமானம், எதிரி விமானம் இரண்டுமே அதில் உண்டு. வானத்தில் ஒரு நொடி தெரியும் நிழலை வைத்து நண்பனா எதிரியா என்று கண்டுபிடிக்க வீரர்களுக்குப் பயிற்சி வேண்டுமே! தப்பாகக் கணித்தால் சொந்த ஆளையே சுட்டுவிடும் ஆபத்து.

நம் நாட்டுக்கு வருவோம். காகிதத்தில் செய்து பார்க்க 1965 போரின் 'நாட்', 'சேபர்' ஜோடியைவிடப் பொருத்தமானது கிடையாது. நாட், இங்கிலாந்தின் ஃபாலண்ட் நிறுவனம் உருவாக்கியது. பிறகு பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையிலேயே தயாரானது. நாட் என்றால் கொசு மாதிரி ஒரு சிறு பூச்சி. சேபர், பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க விமானம்.

நாட்டின் நீளம் சுமார் 9 மீட்டர், இறக்கை விரிவு 6.7 மீட்டர். சேபருக்கு இரண்டுமே 11 மீட்டருக்கு மேல். 1:72 அளவில் வெட்டி ஒட்டினால் நாட்டின் நீளம் பன்னிரண்டரை செ.மீ., இறக்கை 9 செ.மீ. சொச்சம். சேபர் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 16 செ.மீ. வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே பல பக்கம் படித்தும் புரியாதது புரிந்துவிடும். இவ்வளவு சின்ன விமானத்தை வானத்தில் கண்டுபிடிப்பதே கஷ்டம்!

ஒட்டுவதற்கு சேபர் சுலபம். மூக்கிலேயே காற்று நுழையும் வாய் இருப்பதால் உடலைக் குழாய் போல உருட்டினால் போதும். நாட்டுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி வாய். சின்ன விமானம்தான், ஆனால் வேலை அதிகம்.

1965 செப்டம்பர் 3 அன்று, மிஸ்டியர் விமானங்களைத் தூண்டில் போல மேலே பறக்கவிட்டு, நாட் விமானங்கள் தாழ்வாகப் பறந்து சேபர்களை எதிர்கொண்டன. ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக இந்தியா அறிவித்தது. அந்த விமானம் சேதத்தோடு சர்கோதாவில் தரையிறங்கிவிட்டது என்கிறது பாகிஸ்தான். அதே நாளில் ஒரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்டது. அது இன்று கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 'சேபர் ஸ்லேயர்' என்று நாட்டைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் பல சேபர்களோடு நாட்டில் மோதி உயிர்விட்டார் நிர்மல்ஜித் சிங் செகோன். பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர்தான். இந்தத் தீரத்தின் அளவு தெரிய வேண்டுமானால் எதிரே நின்ற சேபரையும் சரியான அளவில் செய்து வைக்க வேண்டும். எதிரியைச் சிறிதாக வெட்டினால் நம் வீரரும் சேர்ந்தே சிறியவராகிவிடுவார்.

கடைசி வேலை வர்ணம். 1965-ல் நாட்டும் வெள்ளி நிறம், சேபரும் பெரும்பாலும் வெள்ளி நிறம். அடையாள வட்டம் இரண்டிலும் வெளியே பச்சை, உள்ளே வெள்ளை. இந்திய வட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு காவிப் பொட்டு. 1:72 அளவில் அது சில மில்லிமீட்டர்தான். வானத்தில் நேருக்கு நேர் பறந்தவர்களுக்கு அந்தப் பொட்டைத் தேட நேரம் இருந்திருக்காது. உருவத்தை வைத்தே முடிவெடுத்திருப்பார்கள்.