மதுரை ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்கள்

மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல், அம்மையநாயக்கனூர், சோழவந்தான் வழியாகப் போட்ட மீட்டர் கேஜ் பாதை அந்த ஆண்டு வைகையைக் கடந்து நகரின் மேற்கு விளிம்பைத் தொட்டது. 1876இல் அதே பாதை தூத்துக்குடித் துறைமுகம் வரை நீண்டது. ஆனால் நிலையம் இன்று இருக்கும் இடத்தில் அமைவதற்கான வேலை, ரயிலுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நாயக்கர் கோட்டையின் மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளி வீதிகள் உருவாயின. அதனால் மேல வெளி வீதிக்கு எதிரிலேயே நிலையத்துக்கு இடம் கிடைத்தது. ரயிலை விட்டு இறங்குகிறவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் மீனாட்சி கோயிலுக்கு நடந்துவிடலாம். கோயிலுக்கு இத்தனை அருகில் நிலையம் அமைந்த பெரிய ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ரயிலுக்கு முன் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாட்டுவண்டியில் வர நான்கைந்து நாள் ஆகும். வெயிலுக்குப் பயந்து இரவில் ஓட்டுவார்கள், பகலில் சத்திரத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்ததற்காகவே இன்றும் மக்கள் நினைவில் இருக்கிறார். அவர் பெயரைத் தாங்கிய சத்திரம் புதிய ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. நடந்தும் வண்டியிலும் வந்தவர்களுக்காக எழுந்த கட்டடம், ரயில் பயணிகளின் தங்குமிடமாயிற்று. மதுரை நிலையத்தின் வரலாற்றில் இது முக்கியமான செய்தி. கம்பெனி சாதாரணப் பயணிக்குச் செய்து தராததை நகரம் செய்து கொடுத்தது.

கம்பெனி யாருக்கு என்ன செய்தது என்பது வகுப்பைப் பொறுத்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு நாற்காலியும் குளியலறையும் கொண்ட காத்திருப்பு அறைகள் இருந்தன. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்குத் திறந்த கொட்டகையும் தரையும்தான். இந்திய ரயில்களில் பயணம் செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அடித்தட்டு வகுப்பினர், பயணி வருமானத்தின் பெரும்பகுதியும் அவர்களிடமிருந்தே வந்தது. அப்படியிருந்தும் அவர்களுக்கான டிக்கெட் கவுண்டர் வண்டி வருவதற்குச் சற்று முன்புதான் திறக்கும். அதற்குள் கூட்டம் நெருக்கியடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கொடுத்த காசுக்குச் சரியான டிக்கெட்தானா, மீதி சரியா என்று பார்க்க வழியில்லாமல் தடித்த அட்டைச் சீட்டை முந்தானையிலோ வேட்டி மடியிலோ முடிந்துகொண்டு ஓடுவார்கள்.

நேரமும் ஒரு சிக்கலாக இருந்தது. அந்நாளில் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின. மதுரை மதராஸுக்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது அங்கே வந்து சுமார் எட்டரை நிமிடம் கழித்து. வெயிலையும் நிழலையும் கோயில் மணியையும் பார்த்து நாழிகை கணித்தவர்களுக்கு நிலையத்தின் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி நின்றது. 1906இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல மணி நேரம் முன்னதாகவே குடும்பத்தோடு வந்து கொட்டகையில் உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் அதனால் போய்விடவில்லை. வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான் என்ற நிலையில் அது நியாயமான முன்னெச்சரிக்கை.

பாதை போட்டு முடிந்த கையோடு 1876–78 பெரும் பஞ்சம் வந்தது. தூத்துக்குடி வழியாகக் கப்பலில் மனிதர்களை அனுப்பவும், உள்நாட்டுக்குத் தானியம் கொண்டுவரவும் அதே தண்டவாளம் பயன்பட்டது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் முன்பு இராமநாதபுரம் கடற்கரை வரை நடந்தார்கள். ரயில் வந்தபின் ஆள் சேர்க்கும் கங்காணியோடு மதுரைச் சமவெளியின் சிறு நிலையங்களில் ஏறித் தூத்துக்குடிக்குப் போக முடிந்தது. இவர்களில் பெரும்பாலோர் தம் பயணத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் விட்டுச் சென்ற குறிப்புகளை மட்டும் வைத்து நிலையத்தின் கதையைச் சொன்னால், அங்கே இருந்த மக்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டதாகும்.

வெள்ளைக்காரர்களின் அனுபவம் வேறு விதம். மதுரையில் 1834 முதல் இயங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வெயில் காலத்தில் கொடைக்கானலுக்குப் போவார்கள். அதற்கு இறங்க வேண்டிய இடம் அம்மையநாயக்கனூர். பின்னாளில் அந்த நிலையத்துக்கே கொடைக்கானல் ரோடு என்று பெயர் வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து மலையடிவாரத்தை அடைந்து, பிறகு குதிரையிலோ ஆட்கள் சுமக்கும் டோலியிலோ ஏறுவார்கள். மலைச்சாலை போக்குவரத்துக்குத் திறந்த 1910களுக்குப் பிறகுதான் நிலையத்திலிருந்து மோட்டார் வண்டி மேலே போனது.

பயணத்துக்காக மட்டுமல்லாமல், பெரியவர்களைப் பார்ப்பதற்காகவும் மக்கள் நிலையத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் சாலை வழியாக வந்து, இங்கிருந்து கும்பகோணத்துக்கு ரயில் ஏறினார். வழியிலுள்ள நிலையங்களில் மாலையோடு மக்கள் காத்திருந்தார்கள். திருச்சியில் விடியற்காலையிலும் பிளாட்பாரம் நிரம்பியிருந்தது. 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வரும் வழியில் தம் பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தும்படி கேட்டார். கதர் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை என்று அவர்கள் சொன்ன பதில் அவரை விடவில்லை. செப்டம்பர் 22இல் மேல மாசி வீதி வீட்டில் அவர் அரையாடைக்கு மாறியதற்கு அந்த ரயில் பேச்சும் ஒரு காரணம். மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி 1917லேயே அவர் வெளிப்படையாக எழுதியிருந்தார்.

சாப்பாட்டில் சாதி நேராகவே தெரிந்தது. ஐரோப்பியர்களுக்கு ஸ்பென்சர் நிறுவனம் நடத்திய உணவு அறைகள் இருந்தன. இந்தியர்களுக்கான சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் வண்டி நின்றதும் தனித்தனி வாசல்களில் நுழைந்தார்கள். ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு சாப்பாட்டில் பிரிப்பது என்ன நியாயம் என்று பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 1941இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8. ஆக, நவீன நிறுவனமான ரயில்வேயின் சாப்பாட்டு அறை, பழமையான கோயிலின் வாசலுக்கு இரண்டு ஆண்டு பிந்தித்தான் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தது.

இதற்கிடையில் மதுரை ஒரு சந்திப்பாக வளர்ந்திருந்தது. 1902இல் மண்டபம் பாதை திறந்தது. 1914இல் பாம்பன் பாலம் முடிந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். போட் மெயில் என்று எல்லோரும் அழைத்த இந்தப் பயணம் முதலில் மதுரை வழியாகத்தான் நடந்தது. 1930இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நேர்பாதை திறந்ததும் இலங்கைக்குச் செல்லும் வழி மதுரையை விட்டு விலகியது. தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் பல நாள் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பிறகே கடலைத் தாண்டினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட, தனுஷ்கோடி நிலையமும் அழிந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை ஓடியது.

மேற்கே போடிநாயக்கனூருக்குப் போன கிளைப் பாதை 1928இல் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் இரும்புத் தேவைக்காக அதன் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதையாக்க 2010 முடிவில் நிறுத்தப்பட்ட ரயில் தேனிக்கு 2022 மே மாதத்தில்தான் திரும்பியது, போடிக்கு 2023 ஜூனில். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி மக்களுக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ரயில் என்பது நினைவில் மட்டுமே இருந்தது. மலிவான ரயிலில் போன ஏழைகள் அத்தனை காலமும் பேருந்துக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு வேலையைச் செய்து முடிக்க எடுத்துக்கொண்ட காலத்துக்கு அவர்கள் செலுத்திய விலை அது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் தெற்கு ரயில்வேயும் 1956இல் மதுரைக் கோட்டமும் உருவாயின. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் மறைந்தது. 1969இல் வந்த பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு இரவுப் பயணம். 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் காலையில் ஏறிப் பிற்பகலில் இறங்க வைத்தது. மீட்டர் கேஜ் பாதையில் சுமார் ஏழு மணி நேரத்தில் சென்னை என்பது அப்போது பெரிய வியப்பு. மணப்பாறை முறுக்கை ஜன்னல் வழியாக வாங்குவது இந்தப் பயணங்களின் பிரிக்க முடியாத பகுதி. நள்ளிரவில் மதுரையில் இறங்குகிறவருக்குப் பசித்தால் கவலையில்லை. நிலையத்துக்கு வெளியே இட்லியும் பரோட்டாவும் சூடாகக் கிடைக்கும், டவுன்ஹால் ரோட்டில் ரூம் கிடைக்கும். அகலப்பாதை தொண்ணூறுகளின் முடிவில் சென்னை வரை ஒரே ஓட்டமாக இணைந்ததும் வட இந்தியாவிலிருந்து நேரடி ரயில்கள் பெருகின.

அவற்றில் வந்தவர்களில் பலர் இராமேஸ்வரம் யாத்திரிகர்கள். சுற்றுலாப் பெட்டியில் சொந்தச் சமையலோடு வருவது அவர்களில் சிலரின் வழக்கம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை யார்டில் நிறுத்தியிருந்த அப்படிப்பட்ட ஒரு தனிப் பெட்டியில் விதியை மீறி ஏற்றியிருந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பல நாள் பயணத்தில் தமக்குப் பழகிய உணவு கிடைக்க வேண்டும் என்ற தேவையும், அதை நிறைவேற்றப் பாதுகாப்பான வழி இல்லாததும் சேர்ந்து விளைவித்த கொடுமை அது. மாட்டுவண்டிக் காலத்துச் சத்திரங்கள் அடுப்பு மூட்ட இடம் கொடுத்தது இந்தத் தேவையை அறிந்துதான்.

நிலையத்தை முழுமையாகப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 2022 மே 26இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 செப்டம்பரில் திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத்தும், 2024 ஆகஸ்ட் முடிவில் மதுரை–பெங்களூரு வந்தே பாரத்தும் ஓடத் தொடங்கின. குளிர்சாதன இருக்கைக்கு முன்பதிவு செய்கிறவர் வீட்டிலிருந்து கிளம்பும் போதே இருக்கை எண்ணை அறிவார். பொதுப் பெட்டிக்கு டிக்கெட் எடுக்கிறவர் சித்திரைத் திருவிழா நாட்களிலும் தீபாவளி, பொங்கல் சமயங்களிலும் வண்டி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே வந்து பிளாட்பாரத்தில் துண்டை விரித்து இடம் பிடிக்கிறார்.