கேட்டு வளர்ந்த கல்வி

கல்வி வரலாறு எழுதுவோர் பள்ளி திறந்த ஆண்டையும் தேறிய மாணவர் தொகையையும் குறிப்பர். எழுத்தறியுமுன் பிள்ளையின் செவியில் விழுந்தது என்ன என்பதை எவரும் குறிப்பதில்லை. நம் சமுதாயத்திற்கோ அதுவே முதற் செய்தியாகும். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் செவியில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுமாறு விதித்தது கௌதம தரும சூத்திரம். சூத்திரனுக்கே அவ்விதியெனில், அவனுக்கும் கீழே தள்ளப்பட்டோர் நிலையை விரிக்க வேண்டுவதில்லை. வள்ளுவரோ கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்.

அண்ணல் அம்பேத்கர் 1956இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் தம் இளமையை நினைவுகூர்கிறார். (1957இல் நூல் வெளிவந்தபோது அம்முன்னுரை அதில் இடம்பெறாமற் போயிற்று.) தந்தையார் சுபேதார் ராம்ஜி, இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், கபீர் நெறியினர். மகாபாரதத்திலும் இராமாயணத்திலும் நாள்தோறும் ஒரு பகுதியைத் தம் புதல்வர் இருவரும் உரக்கப் படிக்கச் செய்தார். வீட்டுப் பெண்மக்களும் கதை கேட்க வந்த அக்கம்பக்கத்தாரும் சுற்றியிருந்து கேட்டனர். இவ்வழக்கம் பல்லாண்டுகள் நீடித்தது.

நாள்தோறும் ஒரு பகுதி என்பதை நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். துணுக்குக் கதை கேட்ட பிள்ளை மறுநாள் அதை மறந்துவிடலாம். தொடர்கதையிலோ, நேற்று நடந்ததை நினைவில் நிறுத்தினாலன்றி இன்றையது விளங்காது. ஒரு பாத்திரம் முன்பு சொன்னதையும் பின்பு செய்ததையும் ஒப்பிட்டு நோக்கும் ஆற்றல் தானே வளரும். சிறுவர் பீமராவுக்கு வளர்ந்தது அவ்வாற்றலே. பீஷ்மரும் துரோணரும் போலிகள் என்றார். இராமன் வாலியைக் கொன்ற முறையை வெறுத்தார். துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்கள், அதனாற்றான் படிக்கச் சொன்னேன் என்றார் தந்தை. மகன் நிறைவடையவில்லை, தந்தை மௌனமானார். வீட்டில் ஒரு கலகம் எழுந்துவிட்டதை அவர் உணர்ந்தார் என்கிறார் அண்ணல். தாம் விரும்பிய பயன் வேறு, விளைந்த பயன் வேறு என்றறிந்தும் வாயை மூடு என்று அதட்டாத அத்தந்தையை நாம் வணங்குகிறோம். கேளுஸ்கர் அளித்த புத்தர் வரலாற்றைப் படித்தபோது, ஒப்பிடுவதற்குரிய பெருங்கதைகள் அவருள்ளத்தில் முன்னரே இருந்தன.

தமிழகத்தில் பண்டிதர் அயோத்திதாசர் 1907 சூன் 19 அன்று தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ், புத்தர் சரித்திரத்தைத் தொடராக வெளியிட்டது. எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த அந்நாளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே வழக்கம்.

இம்முறையின் பயனை இக்கால ஆய்வும் உணர்த்துகிறது. எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்ட மொழியைப் பொருள்கொள்ளும் திறனும் கூடியதே வாசிப்பு. ஒன்று இல்லையேல் மற்றதாற் பயனில்லை என்று கஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் 1986இல் வகுத்தனர். தமிழ்ப் பிள்ளைக்கு இது இருமடங்கு பொருந்தும். வீட்டிற் பேசும் தமிழ் வேறு, பாடநூலின் தமிழ் வேறு. 'சென்றனர்', 'ஆயினும்', 'எனவே' என்பன குடிசையில் எவர் வாயிலும் வாரா. படிப்பவர் குரல் வழியேதான் அவை முதலிற் செவியேற வேண்டும்.

நம் மாலை வகுப்புகளில் தொடக்க ஆண்டுகளில் எழுத்துக்கூட்டலையே வற்புறுத்தினோம். பிள்ளைகள் தடங்கலின்றிப் படித்தனர். கதை என்னவென்று கேட்டால் விழித்தனர். பிழை நம்முடையது. மாலைக்கு ஓர் அத்தியாயமாக நெடுங்கதையொன்றைக் கால்மணி நேரம் படித்தாற் போதும். தொடங்குமுன் நேற்று எங்கே நிறுத்தினோம் என்று பிள்ளைகளையே சொல்லச் செய்க. அருஞ்சொல் வந்தால் எளிய சொல்லை அருகில் வைத்து மேலே செல்க. இடையிடையே தேர்வு வினாக்கள் வேண்டா. பிள்ளை வினவினால் மட்டும் நிறுத்துக.

தாய்க்கு எழுத்தறிவில்லையே என்போர் உளர். ராம்ஜியின் வீட்டில் படித்தவர்கள் பிள்ளைகளே. நம் வீடுகளிலும் ஐந்தாம் வகுப்புப் பயிலும் தமக்கை படிக்கட்டும். மூன்று வயதுத் தம்பியும், அடுப்படியில் இருக்கும் தாயும் கேட்கட்டும்.