கொள், காணம், முதிரை: ஒரு வறட்சிப் பயிரின் சொல்வரலாறு

திருவனந்தபுரத்துக் கடைகளில் 'முதிர' எனக் கேட்டால் கிடைக்கும் தானியத்தை நாஞ்சில் நாட்டார் 'காணம்' என்பர். பிற தமிழ்ப் பகுதிகளில் அது கொள்ளு. 1956இல் மாநில எல்லை பிரியும்வரை ஓராட்சிக்குள் இருந்த நிலத்தில் ஒரு பயிருக்கு இரு பெயர்கள் வழங்கின. தமிழில் அவரை, துவரை முதலியவற்றுக்குப் பொதுப்பெயரான முதிரை, மலையாளத்தில் கொள்ளை மட்டுமே சுட்டும் சிறப்புப் பெயராயிற்று. காணமோ பொன்னையும் குறித்தது. கபிலர் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் நூறாயிரம் காணம் பெற்றதாகப் பதிற்றுப்பத்துப் பதிகம் கூறும்.

அக்கபிலரே பறம்புமலையின் கொள்ளு விளைநிலத்தையும் பாடியுள்ளார். மழை பெய்யினும் பெய்யாவிடினும், கொள்ளுக்காக உழுத அகன்ற நிலத்தில் அருவி நீர் வாய்க்காலாக ஓடும் என்பது புறநானூறு 105ஆம் பாட்டின் கருத்து. இதனை வெறும் வளச் சிறப்பாகக் கொள்வது போதாது. கொள்ளு வானம் பார்த்த பயிர். மழைக்குப்பின் மண்ணில் எஞ்சிய ஈரத்திலேயே விளைவது. வேர்முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தை நிலைப்படுத்துவதால் மெலிந்த மண்ணையும் தாங்குவது. நீர் பாய்ச்ச வேண்டாத பயிருக்கே அருவி பாய்கிறது என்பதில்தான் பாரியின் நாட்டுப் புகழ் உள்ளது. பயிரை அறியாது பாட்டை முழுதும் அறிதல் அரிது.

மாங்குடி கிழார் வரகு, தினை, அவரை ஆகியவற்றோடு கொள்ளையும் சேர்த்து நான்கே உணவு என்கிறார் (புறம். 335). தென்னிந்தியப் புதிய கற்கால ஊரிருப்புகளில் சிறுதானியங்களோடு கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்திருப்பது இப்பட்டியலின் பழைமைக்கு அரண் செய்கிறது. 'குதிரைத் தீனி' என்ற இழிவு சங்கப் பாட்டில் இல்லை. (ஆங்கிலப் பெயரும் அதனைக் குதிரையோடே பிணைத்துவிட்டது.)

தீவனப் பயன் மறுக்கத்தக்கதன்று. குவீன்ஸ்லாந்தில் 'லைக்கார்ட்' என்னும் பெயரில் இது மேய்ச்சற் பயிராகவே வளர்க்கப்பட்டது. நம் சிறு உழவரோ மணியை வீட்டுக்கும், அடித்தெடுத்த கொடியையும் பொட்டையும் மாட்டுக்கும் பங்கிடுவர். அகநானூறு 37இல் களத்து உழவர் கொள்ளும் பயறும் பாலும் கலந்த கஞ்சியை உண்டு, மருதமர நிழலில் எருதுகளோடு தங்குகின்றனர். அவ்வெருதுகள் அக்கொள்ளின் கொடியைத் தின்றிருக்கும் என்பது என் ஊகம். பாட்டு அதைச் சொல்லவில்லை.