வஸிய்யத்: வக்கீலிடம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் தன்னிடம் இருக்கும் ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஜும்ஆ பயானில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனாலும் நம் வீடுகளில் உயில் என்ற பேச்சு பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தொடங்குகிறது. அவசரத்தில் எழுதும் உயில் ஷரீஅத்துக்கும் பொருந்தாமல், கோர்ட்டிலும் நிற்காமல் போக வாய்ப்பு அதிகம்.

மாதிரிப் படிவத்தின் ஆபத்து

காஞ்சிபுரத்தில் ஒருவர் உயில் எழுதப் போனால், "இது என் சுயார்ஜிதச் சொத்து, என் இஷ்டப்படி யாருக்கும் கொடுக்க எனக்குப் பூரண உரிமை உண்டு" என்று தொடங்கும் வழக்கமான படிவமே கைக்கு வரும். அது மற்ற சமூகத்தாருக்குச் சரி. நமக்குச் சரியல்ல. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் உயில் பற்றிய பகுதி முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்று அதன் 58ஆம் பிரிவே சொல்கிறது. நம் உயிலை இஸ்லாமியச் சட்டமே ஆள்கிறது. அதில் சுயார்ஜிதம், பூர்வீகம் என்ற பாகுபாடு கிடையாது. எப்படி வந்த சொத்தானாலும் விதி ஒன்றுதான். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் பதிந்தவர்களுக்கு மட்டும் நிலை வேறு. அவர்கள் அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு எல்லைகள்

முதல் எல்லை, மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு மகளை வாரிசாகக் கொண்டிருந்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, சொத்தில் மூன்றில் இரண்டு பங்கையும், பிறகு பாதியையும் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதுவே அதிகம் என்றும் உணர்த்தினார்கள்.

இரண்டாவது எல்லை, வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்கள் பங்கை வகுத்துவிட்ட பிறகு, ஒரு மகனுக்கு மட்டும் வீட்டை எழுதி வைத்து மகள்களை விலக்க முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதித்தால் செல்லும். அந்தச் சம்மதம் உயில் எழுதியவரின் மவ்த்துக்குப் பிறகு தரப்பட வேண்டும். வாப்பா உயிரோடு இருக்கும்போது மகள்களிடம் வாங்கும் கையெழுத்து போதாது. ஒரு மகனுக்குக் கூடுதலாக எழுதிய உயிலை லண்டன் பிரிவி கவுன்சில் 1876லேயே ஏற்க மறுத்தது.

அனாதைப் பேரப்பிள்ளைகள்

அப்படியானால் வஸிய்யத் யாருக்காக? மிக முக்கியமான பதில்: தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளுக்காக. வேறு மகன் உயிரோடு இருந்தால், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்தில் பங்கு வராது. வஸிய்யத்தே அதற்குப் பரிகாரம். எகிப்து 1946இல் இத்தகைய வஸிய்யத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. பாகிஸ்தான் 1961இல் வேறு வழியில் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு தந்தது. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. தாத்தா எழுதினால்தான் உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் விட்டுச்சென்றது 40 லட்சம். கஃபன், அடக்கச் செலவு, கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹர் எல்லாம் சேர்த்து 4 லட்சம். மீதி 36 லட்சம். அதில் மூன்றில் ஒன்றான 12 லட்சத்தை இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வஸிய்யத் செய்திருந்தால் அது அவர்களுக்குப் போகும். எஞ்சிய 24 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மகனுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். உயில் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பூஜ்யம்.

வாரிசு யார் என்பது மவ்த்தின்போதுதான் முடிவாகும். ஆகவே குடும்பத்தில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் உயிலை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். உயிருள்ளவரை அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

வக்கீலிடம் கொண்டுபோக வேண்டியவை

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கி விவரம், குடும்பத்தார் பட்டியல். இவற்றோடு கடன் பட்டியல் மிக அவசியம். பட்டுத் தொழிலில் கச்சாப் பட்டும் ஜரிகையும் கடனுக்கு வருகின்றன, சேலை கடனுக்குப் போகிறது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்திருப்போம். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். கடனை எழுதி வைக்கச் சொல்வது அல்பகரா 282ஆம் வசனம். வாப்பாவோடு கடையில் உழைக்கும் மகன் பங்காளியா, உதவியாளா என்பதையும் இப்போதே தெளிவாக்கிவிடுங்கள். நிறைவேற்றாத ஜகாத், ஹஜ் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் இதன் சட்டம் வேறுபடுவதால் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து, சாட்சி, பதிவு

இஸ்லாமியச் சட்டத்தில் வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும். மவ்த்துக்குச் சற்று முன் எழுதிய கடிதத்தையே உயிலாக பிரிவி கவுன்சில் 1898இல் ஏற்றுள்ளது. ஆனால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது வாரிசுகளுக்குப் பெரும்பாடு. எழுதுங்கள். உயிலால் பயனடையாத இருவரைச் சாட்சியாக வையுங்கள். நிறைவேற்றுபவராக நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால், பிறகு போலி என்று சொல்வது கடினமாகும். ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழி தருகிறது.

வங்கியில் நாமினி போட்டுவிட்டேனே என்பார்கள் சிலர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியது. அந்தப் பணமும் வாரிசுகளுக்குப் பிரிய வேண்டியதே.

பங்கைப் பிரிக்கும் சட்டத்தை ஆலிம் சொல்வார், அதைக் கோர்ட்டில் நிற்கும்படி எழுதுவது வக்கீலின் வேலை. இருவரையும் உடல்நலத்தோடு இருக்கும்போதே சந்திப்போம். யாருடைய ஹக்கையும் சுமந்துகொண்டு கப்றுக்குப் போகாத நிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.