பாண்டியர்: குடிப்பெயரும் கயல் இலச்சினையும்

மதுரையில் எழுந்து தென்காசியில் முடிந்த பழந்தமிழ் அரசகுடி பாண்டியர். வேம்பு அவர்கள் மாலை. கயல் அவர்கள் கொடி. சேரரின் வில்லும் சோழரின் புலியும் போலக் கயலும் நாணயம், முத்திரை, கோயில் விதானம் என எங்கும் பொறிக்கப்பட்டது.

பெயரின் பழமை

குடிப்பெயருக்கான மிகப் பழைய கல்வெட்டுச் சான்று தமிழகத்தில் இல்லை. அசோகரின் பாறைக் கட்டளைகளில் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 2ஆம், 13ஆம் கட்டளைகள் அவர் ஆட்சி எல்லைக்கு அப்பாலிருந்த சோழரையும் பாண்டியரையும் சேர்த்துக் கூறுகின்றன. அதற்குச் சற்று முன்பே கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், ஹெராக்ளிஸின் மகள் பண்டாயா தெற்கே ஒரு நாட்டை ஆண்டதாக எழுதியிருந்தார். மதுரையை ஆண்ட தடாதகை என்னும் மீனாட்சியின் கதையை இதனோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கவர்ச்சியான இணைப்புதான், ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள காலம் மிக நீண்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமி 'மொதூரா' நகரைப் பாண்டியோனின் அரசிருக்கை என்றே குறிக்கிறார்.

பெயர் எதிலிருந்து பிறந்தது? வடமொழி இலக்கண ஆசிரியர் காத்தியாயனர், 'பாண்டு' என்னும் பெயரிலிருந்து 'பாண்டிய' உருவாவதற்கு விதி வகுத்தார். தமிழறிஞர் பலர், பழமையைக் குறிக்கும் 'பண்டு' என்ற சொல்லைக் காட்டுவர். முன்னது பாண்டவர் கதையோடும் பின்னது குடியின் தொன்மைப் பெருமிதத்தோடும் நன்றாகப் பொருந்துகிறது என்பதே இரண்டையும் ஐயுறக் காரணம்.

சங்கப் பாடல்கள் இவர்களை வழுதி, செழியன், மாறன், தென்னவன், பஞ்சவன் என்றும் அழைக்கும். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் குன்றிலுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டில் இவற்றுள் இரண்டு பெயர்கள் வருகின்றன. சமணத் துறவி கணி நந்தாசிரியனுக்குக் கற்படுக்கை வெட்டுவித்தவன் கடலன் வழுதி. அவன் நெடுஞ்செழியனின் பணியாள். 1882இல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்த இக்கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். அரசனின் பணியாளே 'வழுதி' எனப்படுவது கவனிக்கத்தக்கது. குடிப்பெயர் இரத்த உறவுக்கு மட்டும் உரியதாக அன்று இருக்கவில்லை போலும்.

இடைக்காலத்தில் முறை மாறியது. மாறவர்மன், சடையவர்மன் என்னும் இரு பட்டப்பெயர்களை அரசர்கள் மாறிமாறிச் சூடினர். சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன் என இயற்பெயர்களும் திரும்பத் திரும்ப வந்ததால், ஆட்சியாண்டு மட்டும் உள்ள கல்வெட்டு எந்த அரசனுடையது என்று தீர்மானிப்பது இன்றும் ஆய்வாளர்களுக்குத் தலைவலி.

வம்சக் கதை

சந்திர குலம், அகத்தியரே குலகுரு என்னும் வழிமரபெல்லாம் 8ஆம் நூற்றாண்டு முதல் செப்பேடுகளில் விரிவாக எழுதப்பட்டன. நெடுஞ்சடையன் பராந்தகனின் வேள்விக்குடிச் செப்பேடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சங்ககாலப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்துவிட்டனர் என்று, பெற்றவனின் வழிவந்தவன் மதுரையில் முறையிட்டான். உரிமையை நிறுவுமாறு அரசன் கேட்டான். அவ்வாறே நிறுவப்பட்டதும் ஊரைத் திருப்பிக் கொடுத்தான். வடமொழிப் பகுதி சந்திரனில் தொடங்குகிறது. தமிழ்ப் பகுதியோ இந்த நில வழக்கில் தொடங்குகிறது. வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுவது தமிழ்ப் பகுதியே.

கயல்

குலக்கதையைவிடக் கயலின் வரலாறு உறுதியானது. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சதுரச் செப்புக் காசை 1980களில் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தினார். ஒரு பக்கம் குதிரை நிற்கிறது. மறுபக்கத்தில் மீன், கண்ணும் செதிலும் கொண்ட மீனன்று, சில நேர்கோடுகளால் ஆன குறியீடு. முதன்முறை பார்ப்பவருக்கு அது மீன் என்று சொன்னால்தான் தெரியும்.

பிற்காலக் கயல்கள் அப்படியல்ல. இரு மீன்கள் அருகருகே செங்குத்தாக நிற்க, நடுவே செண்டு இருக்கும். 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' என்ற எழுத்துடைய காசுகளிலும், பாண்டிய நாட்டுக் கோயில்களின் விதானக் கற்களிலும் இந்த இணைக்கயலைக் காணலாம். எல்லை கடந்தும் அது சென்றது. திருகோணமலையில் போர்த்துகீசியர் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அக்கோட்டை வாயிலில் இணைக்கயல் இன்றும் தெரிகிறது.

பாண்டியர் தோல்வியுற்ற காலத்திலும் கயல் மறையவில்லை. வென்றவன் முத்திரையில் ஏறியது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்க, எதிரே இரு கயல்களும் உடன் வில்லும் உள்ளன. அவன் மகன் ஒருவனே 'சோழபாண்டியன்' என்ற பட்டத்துடன் மதுரையிலிருந்து ஆண்டான். பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், 1340இல் தன் சிங்கங்களோடு பிரான்சின் லில்லி மலரைச் சேர்த்துக்கொண்டதும் இதே உத்திதான். சோழர் செய்தது அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்துப் பழிதீர்த்தான். 'சோணாடு கொண்டான்' காசு அதன் எதிரொலி.

பிற்காலம்

1311இல் மாலிக் கபூரின் படையெடுப்புக்குப் பின் மதுரை கைநழுவியது. தென்காசியில் ஒடுங்கிய கிளையில் பராக்கிரம பாண்டியன் 1446இல் விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். நைடதம் பாடிய அதிவீரராமன் 16ஆம் நூற்றாண்டினன். 17ஆம் நூற்றாண்டில் இக்கிளையும் மறைந்தது.

குடி மறைந்தாலும் பெயர் நிலைத்தது, ஆனால் குடும்பப் பெயராக அல்ல. தலைமுறைதோறும் கடத்தப்படும் வீட்டுப்பெயர் மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தாரிடம் உண்டு. மற்றவரில் பெரும்பாலோருக்குத் தந்தை பெயர் முதலெழுத்தாகச் சுருங்குவதோடு சரி. அதனால் பாண்டியன் என்பது இங்கே குடும்பப் பெயராகாமல் முத்துப்பாண்டி, செல்வப்பாண்டி, பாண்டியம்மாள் என யாருக்கும் இடும் பெயராயிற்று. சென்னை செல்லும் இரவு ரயிலுக்கும் அதுவே பெயர். பாண்டிய வழிவந்தோர் என உரிமை கொண்டாடும் சமூகங்கள் பல. ஆனால் தென்காசிப் பாண்டியரோடு இன்றுள்ள எவரையும் நேராக இணைக்கும் கல்வெட்டுச் சங்கிலி கிடையாது.